செம்மண் பாதையில் யார் ஒதுங்குவது?

சத்தம்தான் முதலில் வந்தது. ஒலியை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவள் என்பதால் இதைக் கொஞ்சம் துல்லியமாகவே சொல்ல முடியும். முதலில் தேனீக்கூட்டம் கலைந்ததுபோல ஓர் இரைச்சல். மலைச்சரிவில் பட்டு எதிரொலித்ததால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. பிறகு வளைவுக்கு அப்பால், மரம் அறுக்கும் இயந்திரம்போல ஒரு வீச்சு. அம்மா எனக்குப் பத்தடி முன்னால் நடந்துகொண்டிருந்தார். "ஓரமா வாம்மா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் முதல் ஸ்க்ரெம்பிளர் வளைவில் திரும்பிவிட்டது.

அம்மாவுக்கு வயது 67. ஒதுங்கத்தான் செய்தார். ஆனால் அந்தப் பாதையில் ஒதுங்குவதற்கு இடமில்லை. ஒரு பக்கம் சரிவு, இன்னொரு பக்கம் வண்டிச் சக்கரங்கள் தோண்டிவைத்த முழங்கால் ஆழப் பள்ளம். பள்ளத்துக்குள் கால் போனது, கையை ஊன்றினார், இடது மணிக்கட்டு பிசகிக்கொண்டது. முதல் மூன்று மோட்டார்களும் நிற்கவில்லை. நான்காவது நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினால் நம்ம பையன். இருபத்திரண்டு வயது இருக்கலாம். முகமெல்லாம் சேறு, கண்ணெல்லாம் பயம்.

"சாரிக்கா. ஆன்ட்டி ஓகேவா? சத்தியமா பாக்கலக்கா."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே அச்சில் போட வேண்டாம். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தான். திடீரென்று நிமிர்ந்து, "அக்கா, நீங்க ரேடியோல வர்றவங்கதானே? அந்தக் குரல்..." என்றான். அம்மா பள்ளத்தில் உட்கார்ந்தபடியே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு யார்தான் கோபப்பட முடியும்? அவன்தான் அம்மாவைக் கைத்தாங்கலாகத் தூக்கி உட்காரவைத்தான், தண்ணீர் கொடுத்தான். கிளம்பும்போது, "பேரை மட்டும் ஏர்ல சொல்லிறாதீங்கக்கா" என்றான். எனக்கு அவன் பெயரே தெரியாது. பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

இது நடந்தது சிலாங்கூரில் ஒரு மலையடிவாரத்தில். இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த ஞாயிறு இன்னும் ஐம்பது பேர் வந்து கார் நிறுத்துவார்கள், பாதி நடப்பதற்கு, பாதி ஓட்டுவதற்கு.

அந்த வாரமே காலை நிகழ்ச்சியில் இதைப் பேசுபொருளாக வைத்தேன். காட்டுப் பாதையில் இயந்திர வண்டி போகலாமா, கூடாதா? பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் தொலைபேசி ஓயவில்லை. இரண்டு பாட்டைத் தூக்கிவிட்டுத்தான் செய்திக்குப் போனோம்.

செத்தியா ஆலாமிலிருந்து பேசிய ஓர் அம்மா, பிள்ளைகளை அருவிக்கு அழைத்துப் போனபோது ஏடிவி வண்டிகள் வரிசையாக வந்ததையும், ஒவ்வொரு முறையும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு புதருக்குள் நின்றதையும் சொன்னார். இது பலருக்கும் பழக்கப்பட்ட காட்சிதான். உலு கிளாங் பக்கம் கெமென்சாவில் சோஃபியா ஜேன் அருவிக்கு நடந்து போனவர்களுக்குத் தெரியும்: ஆற்றைக் கடந்து போகும் அந்தச் சேற்றுப் பாதையில் நடப்பவர்களும் வாடகை ஏடிவிகளும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டேதான் போக வேண்டும்.

அடுத்து பேசியவர் இருபத்தைந்து ஆண்டுகளாக நான்கு சக்கர இயக்க வண்டி ஓட்டுகிறவர். கோபமாகத்தான் ஆரம்பித்தார். "நாங்க அந்தப் பாதையில போக ஆரம்பிச்சப்போ உங்க ஹைக்கிங் கூட்டம் எங்க இருந்துச்சு? எம்சிஓ முடிஞ்சதும் ஷூ வாங்கிட்டு வந்துட்டு, இப்போ எங்களை வெளிய போங்கறீங்க."

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, வீட்டுக்குள் கிடந்து, கட்டுப்பாடு தளர்ந்ததும் மலைக்கு ஓடியவர்களில் நானும் ஒருத்தி. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே இந்த நாட்டில் காட்டுக்குள் வண்டி ஓட்டும் வழக்கம் இருக்கிறது. ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் பந்தயம் தொடங்கியது 1997இல். சேறு வேண்டும் என்பதற்காகவே மழைக்காலமாகப் பார்த்து நடத்தும் பந்தயம் அது.

இந்தப் பாதைகளை எங்கள் இரு தரப்புக்காகவும் யாரும் போடவில்லை என்பதுதான் வேடிக்கை. பெரும்பாலானவை வெட்டுமரம் இறக்கப் போட்ட லாரிப் பாதைகள். சில, மின்கோபுரங்களையும் தண்ணீர்க் குழாய்களையும் பராமரிக்கப் போட்டவை. மரம் வெட்டி முடித்ததும் லாரிகள் போய்விட்டன, பாதை கிடந்தது. டுரியான் தோட்டக்காரர்கள், பூர்வக்குடியினர், வேட்டைக்காரர்கள், நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள், மோட்டார்க்காரர்கள் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தால் தம்பியிடமிருந்து குரல் பதிவு. என் சொந்தத் தம்பி. பழைய ஹைலக்ஸ் ஒன்றை வாங்கி, சம்பளத்தில் பாதியை அதில் கொட்டி, உயரத்தைக் கூட்டி, முன்னால் வின்ச் பூட்டி வைத்திருக்கிறான். வார இறுதி என்றால் காடுதான். "அக்கா, நீ பேசினது ஒரு பக்கம்தான். 2021 டிசம்பர்ல உலு லங்காட் வெள்ளத்துல மூழ்கினப்போ யார் வண்டி உள்ள போச்சு? அப்ப மட்டும் நாங்க ஹீரோ. இப்ப வில்லனா?"

பதில் சொல்ல முடியவில்லை. அந்த வெள்ளத்தில் அவன் நண்பர்களோடு அரிசியும் எரிவாயுத் தோம்பும் ஏற்றிக்கொண்டு போனதும், மூன்று நாள் கழித்துச் சேறு பூசிய முகத்தோடு வந்து அப்படியே வாசலில் படுத்துத் தூங்கியதும் எனக்குத் தெரியும். 2014 இறுதியில் கிளந்தான் மூழ்கியபோதும் இந்த வண்டிக்காரர்கள் உள்ளே போனார்கள். சாதாரணக் கார் போகாத இடத்துக்கு வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் நாட்டுக்குத் தேவைதான். அந்த ஓட்டத்தை அவர்கள் எங்கே பழகுவது?

"வந்து பாரு, அப்புறம் பேசு" என்றான். போனேன்.

வேறு ஒரு மலை, ஆறு வண்டிகள். ஒளிக்காமல் சொல்கிறேன்: அபாரமாக இருந்தது. செங்குத்தான ஏற்றத்தில் வண்டி மூக்கைத் தூக்கி, சக்கரம் சுழன்று, ஒரு கணம் பின்னால் வழுக்கி, மறுபடி பிடித்து மேலேறும்போது வயிற்றுக்குள் ஏதோ ஒன்று எழுந்து விழுகிறது. ஒரு வண்டி சிக்கிக்கொண்டால் ஆறு வண்டிக்காரர்களும் இறங்கி வருகிறார்கள். சக்கரத்துக்குக் கீழே கல் அடுக்குகிறார்கள், கயிறு கட்டுகிறார்கள், ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறார்கள், ஒரே பொட்டலத்திலிருந்து நாசி லெமாக் சாப்பிடுகிறார்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர், சபாவிலிருந்து வந்த ஒருவர். நடைக்குழுக்களில்கூட இந்த ஒட்டுதலை நான் பார்த்ததில்லை. நாங்கள் அவரவர் கைக்கடிகாரத்தில் அவரவர் வேகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

தம்பி வின்ச் போடும்போது முதலில் உள்ளங்கை அகல நைலான் பட்டையை மரத்தைச் சுற்றிக் கட்டி, அதில் கொக்கியை மாட்டினான். கம்பி மரத்தைத் தொடவே இல்லை. "கம்பியை நேரா சுத்தினா மரம் செத்துரும்க்கா. நம்ம குரூப்ல அப்படி யாராவது செஞ்சா அடுத்த டிரிப்புக்குக் கூப்பிட மாட்டோம்."

எல்லாக் குழுவும் அவன் குழு அல்ல. இறங்கி வரும் வழியில் நெடிய ஒரு மரத்தின் இடுப்புயரத்தில் இரும்புக் கம்பி சுற்றி இழுத்த தடம் இருந்தது. பட்டை நார்நாராகக் கிழிந்து, உள்ளே மரம் வெள்ளையாகத் தெரிந்தது. கைப்பேசியில் படம் எடுத்து வந்து அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா இருபத்தாறு ஆண்டு பால் வெட்டியவர். ரப்பர்த் தோட்டம் செம்பனையாக மாறும்வரை வெட்டினார். மணிக்கட்டில் கட்டோடு உட்கார்ந்து, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சுத்தி வந்துருச்சா, இல்ல எங்கயாவது விட்டிருக்கா?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். பால் மரத்தில் உளி வைக்கும்போது மரத்தின் பாதிச் சுற்றுக்குத்தான் கோடு இழுப்பார்கள். மறுபாதியைத் தொட மாட்டார்கள். ஆழமும் அப்படித்தான். பட்டைக்குள் பால் இருக்கும் அடுக்கோடு நிறுத்த வேண்டும். அதைத் தாண்டி மரத்தில் உளி பட்டால் காயம். காயத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது, முண்டும் முடிச்சுமாகிவிடும். மண்டோர் நிரையில் நடந்து வரும்போது மங்கைப் பார்ப்பதற்கு முன் பட்டையைத்தான் பார்ப்பாராம். "முழுசா சுத்தி வெட்டினா, இலை பச்சையாத்தான் இருக்கும். ஆறு மாசம், ஒரு வருஷம் நல்லாத்தான் நிக்கும். வேர் பட்டினி கிடக்கறது வெளிய தெரியாது."

அம்மா சொன்னதைத்தான் தாவரவியலும் சொல்கிறது. வேரிலிருந்து தண்ணீர் மேலே போவது மரத்தின் வழியாக. இலையில் தயாரான உணவு கீழே இறங்குவது பட்டையின் வழியாக. பட்டையைச் சுற்றிலும் அறுத்துவிட்டால் மேலே தண்ணீர் போகும், கீழே சோறு வராது. அதனால்தான் வண்டியை இழுத்துவிட்டுப் போகிறவனுக்குத் தான் ஒரு மரத்தைக் கொன்றது தெரிவதே இல்லை. அவன் போகும்போது மரம் பச்சையாகத்தான் நிற்கிறது.

பாதையின் கதையும் ஏறக்குறைய இதுதான். நடப்பவர்கள் பெரும்பாலும் சத்தத்தைப் பற்றித்தான் புகார் சொல்கிறோம். சத்தம் ஐந்து நிமிடத்தில் போய்விடும். போகாதது தடம். இரண்டு டன் வண்டி ஈரமண்ணில் உருளும்போது மண் இறுகுகிறது. இறுகிய மண் தண்ணீரைக் குடிக்காது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும் நாடு இது. அந்த மழை அத்தனையும் சக்கரத் தடத்தை வாய்க்காலாக்கிக்கொண்டு கீழே ஓடுகிறது. ஓடும்போது இன்னும் தோண்டுகிறது. பள்ளம் ஆழமானதும் அடுத்த வண்டி அதைத் தவிர்த்துப் பக்கவாட்டில் ஏறுகிறது, அங்கே புதுத் தடம். இப்படியே ஒரு வண்டி அகலப் பாதை மூன்று வண்டி அகலமாகிறது. கரைந்த மண் எல்லாம் ஓடைக்குப் போகிறது. பிள்ளைகள் குளிக்கும் தண்ணீர் தெ தாரிக் நிறத்தில் வருகிறது.

மோட்டார் இலகுவானதுதான். ஆனால் ஏற்றத்தில் பின்சக்கரம் சுழலும்போது உளிபோல வேலை செய்கிறது. நடப்பவர்களும் மண்ணைத் தேய்க்கிறோம், மறுக்கவில்லை. சேற்றைத் தவிர்க்க ஓரமாக நடந்து பாதையை அகலமாக்குவதில் நமக்கும் பங்குண்டு. சைலோஃபோன் வாசிப்பதுபோலக் குச்சிகளைத் தட்டிக்கொண்டு நாற்பது பேர் ஒன்றாகப் போகும் குழுக்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு ஞாயிறு முழுக்க நாங்கள் தேய்ப்பதை ஒரே வண்டி ஒரே ஏற்றத்தில், அதுவும் மழை பெய்த மறுநாள், தோண்டிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? நிரந்தர வனக் காப்பகத்துக்குள் நுழைய, நடந்து போனாலும் வண்டியில் போனாலும், மாநில வன இலாகாவின் பெர்மிட் வேண்டும். இல்லாமல் நுழைந்தால் 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி 10,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நிலமும் காடும் அரசியலமைப்பின்படி மாநிலப் பட்டியலில் இருப்பதால் நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஏடிவியைப் பொறுத்தவரை பொதுச் சாலையில் ஓட்டவே கூடாது. சாலைப் போக்குவரத்து இலாகாவில் அதற்குப் பதிவு கிடையாது. பந்தயத்துக்கென்றே செய்த மோட்டார்களுக்கும் அப்படித்தான். இதன் விளைவை அம்மா பள்ளத்தில் விழுந்த அன்றுதான் உணர்ந்தேன். எங்களைத் தாண்டிப் போன மூன்று மோட்டார்களில் ஒன்றிலும் எண் பலகை இல்லை. நான்காவது பையன் நல்லவனாக இருந்ததால் நின்றான். அவ்வளவுதான்.

எங்கள் பாதையில் காப்பகம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் பலகை ஒன்று உண்டு. புதருக்குள் மல்லாந்து கிடக்கிறது.

வேறு நாட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று நிகழ்ச்சிக்காகத் தேடியபோது இங்கிலாந்தின் கதை கிடைத்தது. அங்கே கிராமத்துப் பழைய பாதைகள் அரசு வரைபடத்தில் பதிவாகியிருக்கும், யாருக்கு எந்த உரிமை என்பதோடு. அந்தக் காலத்தில் குதிரை வண்டி போன பாதை என்று நிரூபித்து, வண்டி போனதால் மோட்டாரும் போகலாம் என்று வாதாடி வந்தார்கள். 2006 மே 2 முதல் புதுச் சட்டம் அந்தக் கதவைச் சாத்தியது. வரைபடத்தில் ஏற்கெனவே பதிவாகாத மோட்டார் உரிமைகளில் பெரும்பகுதி அன்றோடு போயிற்று. சண்டை போனதா என்றால் இல்லை. லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் இரண்டு பாதைகளை மூடச் சொல்லிக் கேட்டார்கள். பூங்கா நிர்வாகம் 2019இல் மறுத்தது. நீதிமன்றம் போயும் 2020இல் தோற்றார்கள். ஆனாலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. சண்டை போடுவதற்காவது அவர்களிடம் ஒரு வரைபடம் இருக்கிறது.

முழுத் தடைதான் தீர்வு என்று அதுவரை எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. பாதை முகப்பில் இரும்புக் கதவு, சங்கிலி, பூட்டு. அந்த எண்ணத்தைக் கலைத்தவர் ஒரு பாக்சிக்.

தெமுவான் இனத்தைச் சேர்ந்தவர். அந்தப் பாதையில் நாற்பது நிமிடம் உள்ளே போனால் அவருடைய டுரியான் மரங்கள். அவருடைய தாத்தா நட்டவை. கப்சாய் மோட்டாரில் இரண்டு பக்கமும் கூடை கட்டி, பருவத்தில் ஒரு நாளைக்கு நான்கு நடை இறக்குவார். அடிவாரத்துக் கடையில் அவரோடு தேநீர் குடித்தபோது, வண்டிக்காரர்களை நிறுத்திவிட்டால் உங்களுக்கு நல்லதுதானே என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை, சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல இருந்தது. "என்னிடமும் மோட்டார்தான் இருக்கிறது" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். பள்ளம் ஆழமானதிலிருந்து பாரத்தோடு இறங்க முடியவில்லை. நான்கு நடை இரண்டாகிவிட்டது. இரவில் விழுந்த டுரியானைக் காலையிலேயே இறக்காவிட்டால் மறுநாள் விலை பாதி. ஒரு முறை கூடையோடு கவிழ்ந்ததில் முழங்கால் இன்னும் சரியாக மடங்குவதில்லை. சரி, கதவு போட்டால்? முன்பு ஒரு முறை போட்டார்களாம். சாவி ஒருவரிடம் இருந்தது. அவர் வரும்வரை இவர் கூடையோடு காத்திருந்தார். வார இறுதியில் வந்தவர்களோ பூட்டை அறுத்துவிட்டுப் போனார்கள். "பூட்டு எனக்குத்தான் பூட்டாக இருந்தது."

சிங்கப்பூரில் நடந்ததும் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. நடைபாதையில் மின்ஸ்கூட்டர்கள் மோதி விபத்துகள் தொடர்ந்ததால் 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையில் அவற்றைத் தடை செய்தார்கள். நடப்பவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அன்றே பிழைப்பு நின்றுபோனது உணவு விநியோகம் செய்தவர்களுக்கு. அவர்கள் தொகுதி தொகுதியாகப் போய் முறையிட்ட பிறகு, வேறு வாகனத்துக்கு மாற 70 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி உதவித் திட்டம் வந்தது. வேடிக்கைக்கு ஓட்டியவன் ஸ்கூட்டரை மடக்கி வைத்துவிட்டு வேறு விளையாட்டுக்குப் போயிருப்பான். சோற்றுக்கு ஓட்டியவனுக்குத்தான் வேறு வழி தேவைப்பட்டது.

நம் உட்பகுதிகளில் இது இன்னும் கூர்மை. குவா மூசாங் பக்கம் பூர்வக்குடிக் கிராமங்களுக்குப் போகும் வெட்டுமரப் பாதைகளில் நான்கு சக்கர இயக்க வண்டியில் மணிக்கணக்காகப் போக வேண்டும். நோயாளி வெளியே வருவதும், அரிசி உள்ளே போவதும் அந்தப் பாதையில்தான். அங்கே போய் 'இயந்திர வண்டி கூடாது' என்று யார் சொல்வது? அந்தப் பாதையில் பொழுதுபோக்குக்காகப் போய்ப் பள்ளம் தோண்டிவிட்டு வருகிறவர்களிடமும் யாராவது ஏதாவது சொல்லத்தானே வேண்டும்? ஆகவே இது இயந்திரமா, காலா என்ற வழக்கே அல்ல என்று இப்போது நினைக்கிறேன். பாதை கெட்டுப்போனால் வேறு பாதைக்குப் போய்விடக் கூடியவர்கள் நாங்கள் இரு தரப்பும். எனக்கு இன்னொரு மலை இருக்கிறது. தம்பிக்கும் இருக்கிறது. பாக்சிக்குக்கு அந்த ஒன்றுதான். வானொலியில் ஒரு மணி நேரம் பேசினோமே, அவரைப் போன்ற ஒருவர்கூடப் பேசவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

இதைத் தம்பியிடம் சொன்னபோது அவன் வழக்கம்போல் வாதாடவில்லை. "எவ்ளோ ஆழம் பள்ளம்?" என்று மட்டும் கேட்டான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, அவன் குழுவில் ஏழு பேரும் எங்கள் நடைக்குழுவில் ஐந்து பேரும் சங்குலோடு போனோம். ஐம்பது பேருக்குச் செய்தி அனுப்பி ஐந்து பேர். வண்டிகளை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு எல்லாரும் நடந்தோம். மேலே ஏற ஏறத் தம்பிக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்து நான் அடைந்த மகிழ்ச்சியை இங்கே பதிவு செய்கிறேன். எங்கே வெட்ட வேண்டும் என்று பாக்சிக் காட்டினார். தண்ணீர் பாதையோடு ஓடாமல் பக்கவாட்டில் வெளியேற, பாதைக்குக் குறுக்கே சாய்வாக வாய்க்கால் வெட்டி, கீழ்ப்புறம் கட்டையைப் புதைத்து மண் அணைக்க வேண்டும். செங்குத்தான இடத்தில் நெருக்கமாக, சமதளத்தில் தள்ளித் தள்ளி. கேட்க எளிது. மதியத்துக்குள் பதினொன்றுதான் முடிந்தது. கைகளில் கொப்புளம். தேவை நாற்பதாவது இருக்கும்.

அம்மாவும் வந்திருந்தார். வேலை செய்ய வேண்டாம் என்று மரத்தடியில் உட்காரவைத்தோம். உட்கார்ந்த இடத்திலிருந்தே, "கட்டைய நேரா வெக்காத, சாச்சு வெய்யி. தண்ணிக்கு வழி காட்டணும், மறிக்கக் கூடாது" என்று மண்டோர் வேலை பார்த்தார். தோட்டத்தில் மலைச்சரிவில் மரம் நின்ற நிரைகளில் இப்படித்தான் வெட்டிவிடுவார்களாம்.

அந்த ஸ்க்ரெம்பிளர் பையனும் வந்தான், தாமதமாக, நண்பன் ஒருவனை இழுத்துக்கொண்டு. தம்பியின் நண்பர்களில் யாருக்கோ தெரிந்தவனாம். அம்மாவுக்கு ஒரு பை ஆப்பிள் வாங்கி வந்திருந்தான். இப்போது பெயர் தெரியும், ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று.

வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கியிருக்கிறோம். நடப்பவர்கள், வண்டிக்காரர்கள், மோட்டார்ப் பையன்கள் எல்லாரும் இருக்கிறோம். பாக்சிக்கின் மகளும் இருக்கிறாள். மழை விவரத்தை அவள்தான் சொல்வாள். ஏற்பாடு ஒன்றே ஒன்று: பலத்த மழை பெய்தால் மூன்று நாளைக்கு வண்டி ஏறக் கூடாது. கூடைக்காரர்களுக்கு இது பொருந்தாது. இதற்குச் சட்டபலம் எதுவும் கிடையாது. மீறினால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். யாரும் பதில் எழுதவில்லை. யாரோ ஒருவர் பூனைப் படம் போட்டார்.

போன சனிக்கிழமை மாலை நல்ல மழை. அவள் செய்தி போட்டாள். இரவுக்குள் முப்பத்தொரு பேர் பார்த்திருந்தார்கள். பன்னிரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். ஞாயிறு காலை ஏழரைக்கு நானும் அம்மாவும் அடிவாரத்தில் இறங்கினோம். வானொலிக்குக் காட்டின் ஒலியைப் பதிவு செய்யலாம் என்று ஒலிக்கருவியும் கொண்டுபோயிருந்தேன். பறவைச் சத்தம் தவிர வேறெதுவும் இல்லை. கருவியை முடுக்கிவிட்டு நிமிர்ந்தால் அம்மா குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுத் தடம். எங்கள் முதல் இரண்டு கட்டைகள் பெயர்ந்து கிடந்தன, மூன்றாவது அப்படியே இருந்தது.

அம்மா விரலால் தடத்தின் அகலத்தை அளந்து பார்த்தார். "ஒரே ஒரு வண்டிதான் போயிருக்கு" என்றார். பிறகு அந்த முதல் கட்டையை நல்ல கையால் புரட்டி, பழைய இடத்துக்கு உருட்டத் தொடங்கினார்.